முட்டையில் எழுதிய பெயர்

ஷார்ஜா ரோலாவில், சலூனுக்கு மேலே மூன்றாம் மாடி.
ஒரே அறை. எட்டுப் பேர். எட்டு அலமாரி.
எட்டுப் பூட்டும் இருந்தன;
அதை அப்போது நான் எண்ணவில்லை.

மெஸ் நோட்டு என் பொறுப்பு.
அரிசி, வெங்காயம், கேஸ், தண்ணீர் கேன்,
கூட்டி வகுத்தால் தலைக்கு இருநூற்று முப்பது திர்ஹம்.
யார் எவ்வளவு தின்றான் என்று எழுத
அதில் பத்தி கிடையாது.
அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை
ஃபிரிட்ஜைத் திறந்தால்
முட்டை அட்டையில் ஆறு முட்டைகளின் நெற்றியில்
நீலப் பேனாவில்
திரவியம், திரவியம், திரவியம்.

"படிச்ச கோழி போலிருக்கு" என்றார் மைதீன் பிச்சை.
சிரித்தோம்.
மறுநாளும் எழுதியிருந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
மைதீன் பிச்சை வந்ததும் பஞ்சாயத்து.
கீழ்க்கட்டில்களில் நெருக்கியடித்து ஏழு பேர்.
அவன் மேல்தட்டுக்காரன்;
கால் இரண்டும் எங்கள் முகத்துக்கு நேரே தொங்கின.

"தனிமரம் தோப்பாகாதுப்பா" என்றார் சாமிக்கண்ணு.

"தென்னைக்குத் தென்னை இருபத்தஞ்சு அடி விடணும்ணே.
இங்க கட்டிலுக்குக் கட்டில் ஒண்ணரை அடி.
எது காய்க்கும்?"

அவன் கேட்டது காலையில் ஒரு முட்டை.
யாரையும் கேட்காமல்,
யாருக்கும் மிச்சம் வைக்காமல்.

நாங்கள் கணக்கை எடுத்தோம்.
அவன் விசாவுக்குக் குறைந்த பணத்தைக் கட்டியது,
அவனுக்கு அம்மை போட்டபோது
முறை வைத்து லீவு எடுத்தது,
போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மணிவரை நின்றது.
நோட்டில் இல்லாத பத்திகள் எல்லாம்
எங்களுக்கு மனப்பாடமாக இருந்தன,
தேதியோடு.

அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.
"வடிவேலு தங்கச்சி கல்யாணத்துக்குத் தலைக்கு ஐந்நூறு போட்டீங்க.
குடுக்கிறியான்னு என்னை யாரும் கேக்கல.
குடுத்திருப்பேன். கேட்டிருக்கலாம்."

வடிவேலு எழுந்து பாத்ரூமுக்குள் போய்
குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம்.

நான் டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன்.
நாள் முழுக்க விண்ணப்பங்கள்.
எல்லாவற்றிலும் ஒரே ஆளுக்குத்தான் கட்டம்.
பக்கத்து நாற்காலி மரிசெல்லிடம் சொன்னேன்:
எங்கள் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு.
கேட்பவனையும் சேர்த்தால் நாம்,
அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள்.
"எங்க மொழியிலயும் இருக்கு" என்றாள் அந்த மணிலாக்காரி.
"தாயோ. கமி."
அரபியில் ஒன்றுதான். ஆங்கிலத்திலும் ஒன்றுதான்.
இருவரும் கொஞ்ச நேரம் டைப் அடிக்கவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை அவனிடம்
எத்தனை முறை 'நாங்கள்' சொன்னேன் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அஜ்மானுக்குப் போனான்.
பலகை அடித்த தடுப்பு, ஜன்னல் இல்லை,
வாடகை இரண்டு மடங்கு.
"கதவு இருக்கு" என்றான் போனில்.
சந்தோஷமாகச் சொன்னானா என்று
அந்தக் குரலில் தெரியவில்லை.

மார்ச்சில் ஒருநாள் சாப்பிட வந்தான்.
சாமிக்கண்ணு அவன் தட்டில்தான் முதலில் போட்டார்.
கை கழுவிவிட்டு பர்ஸை எடுத்தான்:
"என் பங்கு எவ்வளவு?"

"விருந்தாளிக்கு ஏதுப்பா பங்கு?"
நல்ல மனசோடுதான் சொன்னேன்.
அவன் பர்ஸை மூட
ரொம்ப நேரம் ஆயிற்று.

அன்று இரவு எல்லோரும் தூங்கியபின்
என் அலமாரியைத் திறந்தேன்.
சட்டைகளுக்கு அடியில் நிடோ டப்பா,
அதற்குள் பாதாம், பாதி சாக்லேட்,
நான்கு வருஷமாக
சத்தம் வராமல் மென்று தின்பது.
பூட்டினேன்.
சமையலறைக்குப் போனேன்.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் ஒரு முட்டையை எடுத்து
என் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்த்தேன்.

ஓட்டின் மேல் பேனா
இத்தனை சுலபமாக ஓடும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.